ரஹ்மானினோவை ஊமையாக்கியது யார்?

செத்தவருடைய எலும்புக்கு உரிமை கொண்டாடுவதென்றால் முதலாளித்துவ சர்க்கார்களுக்கு ஒரு தனி உற்சாகம்! 2015-ல் ரஷ்யாவின் கலாசார மந்திரி ஒரு கோரிக்கையைக் கிளப்பினார். நியூயார்க்குக்கு அருகில் கென்சிகோ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் செர்கேய் ரஹ்மானினோவின் உடலைத் தோண்டி எடுத்து ரஷ்யாவுக்குக் கொண்டுவர வேண்டுமாம். அமெரிக்கர்கள் அவரைத் தங்கள் சொத்தாக்கிக் கொள்ளப் பார்க்கிறார்களாம். குடும்பத்தார் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 2023-ல் அவர் பிறந்து 150 ஆண்டு நிறைந்தபோது அமெரிக்காவின் முறை வந்தது. நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் ஒரே நாளில், பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைப்பதற்கென்று அவர் எழுதிய ஐந்து உருப்படிகளையும் வாசித்தார்கள். வாசிக்கட்டும், நல்ல சங்கீதம். அதில் நமக்கு எந்த விரோதமும் இல்லை.

நமக்குள்ள விரோதமெல்லாம் இத்தகைய விழாக்களோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு பழைய பல்லவியோடுதான். "போல்ஷ்விக்குகள் சங்கீதத்தை நாட்டை விட்டு விரட்டினார்கள், சுதந்திர உலகம் அதற்கு அடைக்கலம் தந்தது, பாருங்கள், இதோ ரஹ்மானினோவ்!" நூறு வருஷமாக இதையே பாடுகிறார்கள். சோவியத் யூனியன் 1991-ல் கலைக்கப்பட்ட பிறகும் நிறுத்தவில்லை.

பியானோக்காரர் ஒருவரின் கதையால் ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் ஆவதென்ன என்று தோழர்கள் கேட்கலாம். இது கையை விற்றுப் பிழைத்த ஒருவரின் கதை. அந்தக் கையை வாங்கியவர்கள் அதை எப்படி வேலை வாங்கினார்கள் என்ற கதை. ஆகவே நமக்கு இதில் பேச்சு உண்டு.

நாற்பது ரூபிள்

1892-ல் ரஹ்மானினோவுக்கு வயது 19. மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தார். கையில் காசில்லை. அந்த வருஷம் நான்கைந்து நிமிஷத்தில் வாசித்து முடித்துவிடக்கூடிய ஒரு சிறு பியானோ உருப்படியை எழுதினார். சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்று அதற்குப் பெயர். குத்ஹைல் என்ற பதிப்பாளர் அதற்குக் கொடுத்தது 40 ரூபிள். தீர்ந்தது கணக்கு!

1898-ல் அவருடைய உறவினரான ஸிலோட்டி என்ற பியானோக் கலைஞர் இதைக் கொண்டுபோய் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாசித்தார். ஊரெல்லாம் இதே பேச்சாகிவிட்டது. மேல்நாட்டுப் பதிப்பாளர்கள் பாய்ந்து விழுந்து அச்சடித்து விற்றார்கள். "மாஸ்கோ எரிகிறது" என்றும் "நியாயத் தீர்ப்பு நாள்" என்றும் மனம்போனபடி பெயர் சூட்டி விற்றார்கள். பதிப்புரிமையைக் காக்கும் பெர்ன் ஒப்பந்தத்தில் ஜார் ரஷ்யா சேரவில்லை. ஆகவே எழுதியவருக்கு ஒரு காசும் போகவில்லை. அதன்மேல் பணம் குவித்தவர்கள் யார்? ஒத்துழைத்தவர்கள் அல்ல, உழைத்தவரும் அல்ல. அச்சு யந்திரத்துக்குச் சொந்தக்காரர்கள்! தனிச் சொத்தின் புனிதத்தைப் பற்றி நமக்கு நாள்தோறும் உபதேசம் செய்கிற கூட்டம் இதே கூட்டந்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

1909-ல் அவரே அமெரிக்கா போனார். அந்தப் பயணத்துக்கென்று எழுதிய மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவைப் பழகிக்கொள்ளக் கப்பலிலே பியானோ இல்லை. சத்தம் வராத ஒரு வெறும் கட்டைப் பலகையை, ஊமைப் பியானோவை, கூட எடுத்துக்கொண்டு போய் அதிலே விரலைப் பழக்கினார். நவம்பர் 4-ந்தேதி மாசாசூசட்ஸ் மாகாணத்திலுள்ள ஸ்மித் கல்லூரியில் முதல் கச்சேரி. பிறகு 26 நிகழ்ச்சிகள். 19-ல் பியானோ வாசித்தார், 7-ல் வாத்தியக் குழுவை நடத்தினார். நவம்பர் 28-ந்தேதி நியூயார்க்கில் மூன்றாவது கான்சர்ட்டோ அரங்கேறியது. ஜனவரியில் குஸ்டாவ் மாலர் என்ற பெரும் மேதை குழுவை நடத்த, மறுபடியும் அதை வாசித்தார். சங்கீத சரித்திரத்தில் இடம்பெற்ற நாட்கள் அவை. ஆனால் போகிற இடமெல்லாம் ஜனங்கள் என்ன கேட்டார்கள்? கடைசியில் அந்த நாற்பது ரூபிள் பிரெலூட்! அதை வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க விடவில்லை.

அவர் அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தில் என்ன சொன்னார்? இந்தச் சபிக்கப்பட்ட நாட்டில் எப்போதும் வியாபாரம், வியாபாரம் என்ற பேச்சுத்தான். நாலு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுத்து விரட்டுகிறார்கள் என்று சொன்னார். இது போல்ஷ்விக் பிரசாரமா? 1909! அக்டோபர் புரட்சிக்கு எட்டு வருஷம் முந்தி! பாஸ்டன் நகரத்து வாத்தியக் குழுவை ஏற்று நடத்தும்படி கேட்டார்கள். வேண்டாமென்று ஊர் திரும்பினார். "சுதந்திர உலகம்" கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபோது, ஜார் ஆட்சி நடந்த நாட்டுக்கு அவர் திரும்பி ஓடியது ஏன் என்று நமது விழாக்காரர்கள் சொல்லட்டும்.

ஓய்வு எங்கிருந்து வந்தது?

இங்கே நாம் நமது கட்சிக்காரர்கள் சிலரையும் நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரஹ்மானினோவ் ஒரு பாட்டாளிக் கலைஞர் என்று சாயம் பூச யாரும் முயல வேண்டாம். அவர் நிலப்பிரபு. தம்போவ் மாகாணத்தில் இவானோவ்கா என்ற பண்ணை. மனைவி வீட்டாருடைய சொத்து. பிறகு அவர் கைக்கு வந்தது. கச்சேரியில் சம்பாதித்ததையெல்லாம் அதிலேதான் போட்டார். குதிரை வாங்கினார். கொடுமைக்காரப் பிரபு என்று அவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை. பிரபு நல்லவரா கெட்டவரா என்பதல்ல இங்கே பிரச்னை.

பிரச்னை இதுதான். கோடைதோறும் அவர் இவானோவ்காவுக்குப் போனார். அங்கே உட்கார்ந்துதான் தம் பெரிய உருப்படிகளில் பெரும்பாலானவற்றை எழுதினார். சங்கீதம் எழுத நேரம் வேண்டும்; கவலையில்லாத மனம் வேண்டும்; கதவைச் சாத்திக்கொண்டு மாசக்கணக்கில் உட்கார ஒரு அறை வேண்டும். அந்த ஓய்வை அவருக்குக் கொடுத்தது யார்? ஜாரா? இல்லை. வெளியே கறுப்பு மண்ணில் கோதுமையும் கம்பும் அறுத்துக்கொண்டிருந்தானே ஒரு முஜீக், அவன் கொடுத்தான்! 1861-ல் அடிமைத்தனம் ஒழிந்தது என்று சட்டம் சொன்னதே தவிர, அரைவயிற்றுக்கு நிலம் போதாமல் தவித்தவன் அவன். 1905-ல் தம்போவ் மாகாணத்தில் பண்ணை மாளிகைகள் பற்றி எரிந்தது சும்மா அல்ல. அவன் கொடுத்த ஓய்விலிருந்து பிறந்த சங்கீதத்தைக் கேட்க அவனுக்கு டிக்கெட் இல்லை. கேட்டிருந்தாலும் அன்று உடல் அலுப்பில் தூங்கியிருப்பான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்வது நியாயம். 1905 பிப்ரவரியில், ரத்த ஞாயிறு நடந்து சில வாரங்களுக்குள், மாஸ்கோ சங்கீதக்காரர்கள் அரசியல் சீர்திருத்தம் கோரி ஒரு பகிரங்க அறிக்கை விட்டார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ரஹ்மானினோவ் ஒருவர். கையெழுத்துப் போடுவது அப்போது விளையாட்டல்ல. மாணவர் பக்கம் நின்றதற்காகக் கிழவர் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவையே பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கல்லூரியிலிருந்து அந்த வருஷம் வெளியேற்றினார்கள். 1915-ல் சக கலைஞர் ஸ்க்ரியாபின் இளவயதில் இறந்தபோது, அவருடைய உருப்படிகளையே ஊர் ஊராகப் போய் வாசித்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் திரட்டினார். 1917-ல் ஜார் கவிழ்ந்தபோது கண்ணீர் விடவில்லை. கச்சேரிப் பணத்தை விடுதலை பெற்ற நாட்டின் படைவீரர்களுக்கென்று அனுப்பினார். நல்ல மனிதர், வர்க்கத்தை விட்டு வெளியே வர முடியாத நல்ல மனிதர்.

முடியாத கச்சேரி

இனி "விரட்டினார்கள்" என்ற புளுகைப் பார்ப்போம்.

அக்டோபர் நாட்களில் அவர் மாஸ்கோவில் தம் வீட்டில் உட்கார்ந்து, இளம் வயதில் எழுதிய முதல் கான்சர்ட்டோவைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். தெருவில் துப்பாக்கிச் சத்தம். குடியிருப்போர் கமிட்டி ஏற்பாடு செய்த இராக்காவலுக்கு முறை வந்தபோது அவரும் போய் நின்றார். பண்ணை போய்விட்டது, அதை மீண்டும் பெற முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சமயம் ஸ்காண்டினேவியாவில் கச்சேரி செய்ய ஓர் அழைப்பு வந்தது. அனுமதி கேட்டார். சோவியத் சர்க்கார் கொடுத்தது. 1917 டிசம்பரில் மனைவி மக்களோடு பெத்ரோகிராதில் ரயிலேறி, பின்லாந்து வழியாக, நடுவே பனிச்சறுக்கு வண்டியிலும் போய் ஸ்வீடன் சேர்ந்தார். அடுத்த வருஷம் புரோகோபியேவ் என்ற இன்னொரு பியானோ மேதை அமெரிக்கா போக விரும்பியபோதும், கல்வி கமிஸார் லுனச்சார்ஸ்கி அதற்கு வழிசெய்து கொடுத்தார். விரட்டுகிறவன் பாஸ்போர்ட் எழுதிக் கொடுப்பானா? ரஹ்மானினோவின் பண்ணை சூறையாடப்பட்டது உண்மை. அவர் மனம் கசந்தது உண்மை. நாம் ஒளிக்கவில்லை. ஆனால் போனது அவராகத்தான் போனார். கச்சேரி செய்து வருகிறேன் என்று போனார்.

அந்தக் கச்சேரி 25 வருஷம் முடியவில்லை!

அமெரிக்காவிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. ஒன்று பாஸ்டனில் 30 வாரத்தில் 110 கச்சேரி நடத்த வேண்டும் என்றது. மூன்றையும் மறுத்தார். ஆனால் கடன் இருந்தது, குடும்பம் இருந்தது, சோறு போட நிலம் இல்லை. 1918 நவம்பர் 10-ந்தேதி நியூயார்க்கில் வந்திறங்கினார். தரகர் வந்தார், பியானோ கம்பெனி வந்தது, கிராமபோன் கம்பெனி வந்தது. டிசம்பர் 8-ந்தேதி பிராவிடன்ஸ் நகரில் முதல் கச்சேரி. அப்போது அவருக்கு வயது 45. அதுவரை மேடையில் பெரும்பாலும் தம் சொந்த உருப்படிகளையே வாசித்தவர், சந்தைக்கு வேண்டிய பிறர் உருப்படிகளையெல்லாம் அந்த வயதில் உட்கார்ந்து உருப்போட ஆரம்பித்தார்.

முதல் பருவத்தில் 36 கச்சேரி. 1919-20-ல் 69. 1922 நவம்பர் முதல் 1923 மார்ச் முடிய ஐந்து மாதத்தில் 71. இரண்டு நாளைக்கு ஒரு கச்சேரி. இடையில் இரவெல்லாம் ரயில். மூட்டை முடிச்சைக் கட்டி அவிழ்க்க நேரமில்லாமல், பியானோ வைத்த ஒரு தனி ரயில் பெட்டியையே வாடகைக்குப் பிடித்து அதில் குடியிருந்தார். முதுகுவலி, நெற்றிப்பொட்டில் தீராத வலி. எடிசனுடைய கம்பெனியில் அவர் வாசித்துப் பதிந்தபோது, எந்தப் பதிவு வெளிவர வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று நினைத்தார். கம்பெனி அவர் தள்ளிய பதிவுகளையும் கடையில் வைத்தது. அவர் விக்டர் கம்பெனிக்கு மாறினார்.

"அவர் லட்சக்கணக்கில் சம்பாதித்தாரே, மோட்டாரும் மாளிகையும் இருந்ததே, அவரைத் தொழிலாளி என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பஞ்சு தூசியை விழுங்கும் தோழரோடு அவரை நிறுத்தி ஒப்பிடுவது தோழருக்குச் செய்யும் அவமானம். அவர் செல்வந்தர், அந்தச் செல்வத்திலிருந்து அகதிகளுக்கும், பசியால் வாடிய ரஷ்யாவிலிருந்த கலைஞர்களுக்கும் வாரிக் கொடுத்தவர். (விமானம் கட்ட முயன்ற ஸிகோர்ஸ்கிக்கு 1923-ல் 5,000 டாலர் தூக்கிக் கொடுத்தாரே! பிற்காலத்து ஹெலிகாப்டருக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தம் உண்டு.) நாம் சொல்வது வேறு. தங்க விலங்கும் விலங்குதான். பீஸ் ரேட்டு எவ்வளவு உயர்ந்தாலும் பீஸ் ரேட்டுதான். தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை. சங்கீதம் எழுத வேண்டுமானால் தறியை நிறுத்த வேண்டும்!

ஆதாரம் வேண்டுமா? அவர் தம் உருப்படிகளுக்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார். ரஷ்யாவை விட்டுப் புறப்படுமுன் அது 39-ஐத் தொட்டிருந்தது. அதன் பிறகு சாகும்வரை, கால் நூற்றாண்டில், 45-வது எண்ணோடு நின்றுவிட்டது. ஆறே ஆறு! முதல் எட்டு ஒன்பது வருஷம் சொந்தமாகப் புதிய பெரிய உருப்படி ஒன்றுகூட வரவில்லை. கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஓய்வெடுத்துக்கொண்ட பிறகுதான், 1926-ல் நான்காவது கான்சர்ட்டோவை முடித்தார். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் அது அரங்கேறியபோது பத்திரிகை விமர்சகர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பழைய சரக்கு. நாட்டை இழந்தபோது எழுதும் ஆசையையும் இழந்தேன் என்று அவரே சொன்னதுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மண்ணை விட்டுப் பிடுங்கிய செடி வாடத்தான் செய்யும். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாகப் பெருமை பேசுகிறார்களே, அவர்கள் அதைப் பூவுக்குப் பூ பறித்து விற்றார்கள் என்பதே நாம் சொல்வது.

1931-ல் கொரெல்லி வேரியேஷன்ஸ் என்று 20 சிறு பகுதிகள் கொண்ட ஓர் உருப்படியை எழுதினார். அதை ஊர் ஊராக எப்படி வாசித்தார் என்பதை நண்பர் மெட்னருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சபையில் இருமல் சத்தம் அதிகமானால் அடுத்த பகுதியை விட்டுவிடுவாராம். இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். ஒரு சிற்றூரில் இருமிய இருமலில் பத்துப் பகுதிதான் தேறியது. நியூயார்க்கில் பதினெட்டு, அதுதான் அவருடைய அதிகபட்சம்! வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் தோழர்களே, தான் பெற்ற குழந்தையைச் சந்தையில் கூட்டம் முகம் சுளித்த இடத்திலெல்லாம் வெட்டிக் காட்டிய மனிதனின் வேடிக்கை அது. இதற்குத்தான் அவர்கள் வைத்திருக்கும் பெயர் கலைஞனின் சுதந்திரம்!

தாகூர் விவகாரம்

எதிரிகள் கடைசித் துருப்பாக ஒன்றை எடுப்பார்கள். 1931 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் ரஹ்மானினோவும் வேறு இருவரும் கையெழுத்திட்டு சோவியத் ஆட்சியைக் கொடுங்கோன்மை என்று தாக்கினார்கள். உண்மை. யாருக்குப் பதிலாக அந்தக் கடிதம்? நமது ரவீந்திரநாத் தாகூருக்கு! 1930-ல் மாஸ்கோ சென்று, எழுத்தறியாத விவசாயி மக்களுக்குக் கல்வி பரவுவதைக் கண்ணால் கண்டு தாகூர் பாராட்டினார், அதுதான் குற்றம். முஜீக்கின் பிள்ளை பள்ளிக்கூடம் போனதைப் பாராட்டியதற்குப் பழைய பண்ணையாருக்குக் கோபம் வந்தது. இதில் நாம் தாகூர் பக்கம், ஒளிவுமறைவில்லை. தாகூருடைய ரஷ்யக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1934-ல் வெளிவரத் தொடங்கியபோது அதைத் தொடரவிடாமல் தடுத்த பிரிட்டிஷ் சர்க்காரும் அந்தச் "சுதந்திர உலக"த்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் அதற்குப் பதிலாக மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் செய்தது சரியா? சங்கீதக் கல்லூரிகள் ரஹ்மானினோவின் உருப்படிகளை வாசிக்கவும் படிக்கவும் கூடாதென்று பகிஷ்கரித்தன. அது தவறு. கடிதத்துக்குக் கடிதத்தால் பதில் சொல்ல வேண்டும்; பியானோவைப் பூட்டிப் பதில் சொல்லக் கூடாது. சில ஆண்டுகளிலேயே பகிஷ்காரம் கைவிடப்பட்டது. 1948-ல் ஷோஸ்தகோவிச், புரோகோபியேவ் முதலியவர்கள்மீது வந்த கண்டனத் தீர்மானமும் தவறு. 1958-ல் சோவியத் கட்சியே அதைத் திருத்தியது. தவறைத் தவறென்று நாமே சொல்லாவிட்டால், எதிரி அதைப் பத்தாகப் பெருக்கிச் சொல்வான். அதே 1958-ல் மாஸ்கோவில் நடந்த சைக்கோவ்ஸ்கிப் போட்டியில் ஓர் அமெரிக்க இளைஞர், வான் கிளைபர்ன், ரஹ்மானினோவின் மூன்றாவது கான்சர்ட்டோவை வாசித்தார். சோவியத் நீதிபதிகள் தலைமை வகித்த குழு முதல் பரிசை அவருக்கே கொடுத்தது. அழிந்துபோன இவானோவ்கா மாளிகையை மறுபடி கட்டி, 1982-ல் ரஹ்மானினோவ் மியூசியமாகத் திறந்ததும் சோவியத் ஆட்சிதான்.

1941-ல் ஹிட்லரின் படை மாஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கவில்லை. வெளிநாடுகளில் குடியேறிய ரஷ்யப் பிரபுக்களில் பலர், போல்ஷ்விக்குகளுக்கு இனி முடிவுகாலம் என்று காத்திருந்தார்கள். அந்த நவம்பரில் ரஹ்மானினோவ் நியூயார்க்கில் கச்சேரி செய்தார். வசூலான 3,900 டாலருக்கு மேற்பட்ட தொகை முழுவதையும் சோவியத் கான்சல் கையில், செஞ்சேனைக்கு மருத்துவச் சாமான் வாங்கக் கொடுத்தார். ரஷ்யர் ஒருவர் ரஷ்ய மக்களுக்குத் தரும் உதவி இது, முழு வெற்றி கிடைக்கும் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் ஒரு குறிப்பையும் உடன் அனுப்பினார். பண்ணையைப் பறித்த ஆட்சிக்கு! நிலத்தை எடுத்துக்கொண்ட முஜீக்கின் மகன்தான் துப்பாக்கியோடு பனியில் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கையெழுத்திட்ட 1931 கடிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த நவம்பரை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

தறி மட்டும் நிற்கவில்லை. புற்றுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. 1943 பிப்ரவரி 17-ந்தேதி டென்னசி மாகாணத்து நாக்ஸ்வில் நகரில் வாசித்தார். மேற்கொண்டு போக உடம்பு இடங்கொடுக்கவில்லை. மீதிக் கச்சேரிகள் ரத்தாயின. மார்ச் 28-ந்தேதி கலிபோர்னியாவில் உயிர் பிரிந்தது. எழுபது வயது நிறைய நான்கு நாள் பாக்கி. பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லி சோவியத் சங்கீதக் கலைஞர்கள் மாஸ்கோவிலிருந்து ஒரு தந்தி அனுப்பியிருந்தார்கள். அது வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.